பழைய ஹெரால்டுகளைக் கணக்கெடுக்க ஒரு எக்ஸெல் பைல்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லில் முதலில் போடுவது பால் கணக்கு. அடுத்தது மொய்க் கணக்கு. இரண்டையும் போட்டு முடித்தவர்களுக்கு இன்னொரு வேலை சொல்கிறேன். நம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைப் பட்டியல் போடுவது. வீராம்பட்டினத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் இதைத்தான் செய்து வருகிறேன்.

ஹெரால்டு, இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959ல் கொண்டு வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிச்செலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் இதைத் தயாரித்தது. 1962ல் வந்த ஸ்பிட்பயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கிச் செய்யப்பட்டதுதான். அந்த வகையில் நம் ஹெரால்டு அதற்கு அண்ணன். பிறகு இங்கே நான்கு கதவு மார்க் 3 வந்தது. 1972ல் கஸல் வந்தது. இரண்டு கதவுக் கார்கள் எல்லாமே இன்று 50 வயதைத் தாண்டியவை.

இந்த 50 முக்கியம். மத்திய அரசு 2021ல் கொண்டு வந்த விதிப்படி, 50 வயதான கார் 'வின்டேஜ்' என்று பதிவாகலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சிக்கல் இங்கேதான். ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு மாட்டப்பட்டது. கழற்றி வைத்து விட்டுத் திறந்த கார் என்று காட்டுவது சுலபம். இன்ஜினையும் பல கார்களில் மாற்றியிருக்கிறார்கள். எது அசல், எது ஒட்டுப் போட்டது என்று இப்போதே குறித்து வைக்காவிட்டால், கடைசியில் இரண்டையும் ஒரே விலைக்குக் காயலான் கடையில்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகள் கொடுங்கள்: சேஸிஸ் நம்பர், ஆர்.சி. நம்பர், இன்ஜின் நம்பர், கதவு, கூரை, பார்த்த ஊர், பார்த்த தேதி. ஒரு காருக்கு ஒரு வரிசை. ஆர்.சி. நம்பரை நம்பி எண்ணாதீர்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர் வண்டி, புதுச்சேரியில் மறுபதிவு ஆனால் பி.ஒய். ஆகி விடும். வெள்ளைக் கார் ஒன்று, நீலக் கார் ஒன்று என்று எனக்கு இரண்டு தகவல் வந்தது. சேஸிஸ் நம்பரை வாங்கிப் போட்டதும் இரண்டும் ஒரே கார்! இடையில் கை மாறி, பெயின்ட் மாறியிருக்கிறது.

டைப் செய்யும் முன் சேஸிஸ் நம்பர் காலத்தை மொத்தமாகத் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து, பார்மேட் செல்ஸ் போய் டெக்ஸ்ட் என்பதைக் கொடுத்து ஓகே செய்யுங்கள். இல்லாவிட்டால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்ஸெல் தின்று விடும். பிறகு அதே காலத்தைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் என்று வரிசையாகப் போங்கள். ஓகே தட்டியதும், இருமுறை வந்த நம்பர்கள் நிறம் மாறி நிற்கும். ஒன்று கவனம். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடித்தாலோ, கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டாலோ எக்ஸெல் அதை வேறு நம்பர் என்றே எடுத்துக் கொள்ளும்.

உரிமையாளர் பெயர், போன் நம்பர் ஆகியவற்றைத் தனி பைலில் வையுங்கள். பாஸ்வேர்டும் போடுங்கள். பட்டியலை நண்பருக்கு அனுப்பும்போது அந்த பைல் போகக் கூடாது. பழைய கார் எந்தத் தெருவில் ஷெட்டில் நிற்கிறது என்பது, பார்ட்ஸ் திருடுபவருக்கும் பயன்படும் தகவல்!

போட்டோ எடுக்கும்போது பானெட்டோடு நிறுத்தி விடாதீர்கள். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே சாயும், பார்க்க அழகுதான். ஆனால் துரு முதலில் பிடிப்பது அடியில், சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில். எங்கள் ஊர் போன்ற உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். குனிந்து அந்த இடத்தை எடுத்து, சேஸிஸ் நம்பரையே போட்டோவுக்குப் பெயராக வையுங்கள். அடுத்த வருடம் அதே காரை அதே இடத்தில் எடுத்தால், துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்து விடும்.