சண்டைக்கார மீனின் மூச்சு

சென்ற கோடையில் ஓர் இரவு எட்டரை மணி இருக்கும். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டுச் சிறுமி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, கையில் ஒரு சிறிய கண்ணாடி ஜாடியுடன் வந்து நின்றாள்.

"சார், முந்தாநாள் கொளத்தூர்ல வாங்கினது. செத்துப்போச்சான்னு பாருங்க. பாட்டி கிணத்தடியில கொட்டச் சொல்றாங்க."

ஜாடியின் அடியில் கருநீல மீன் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. நிறம் வெளுத்திருந்தது. செவுள் மட்டும் மிக மெதுவாக அசைவதுபோல் எனக்குத் தோன்றியது. மேசை விளக்கைப் போட்டேன். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீன் நிமிர்ந்தது, விறுவிறுவென்று மேலே வந்து நீர்மட்டத்தில் வாயைத் திறந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியது, மீண்டும் கீழே போய்விட்டது. சிறுமியின் முகத்தில் வந்த மலர்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மீனுக்கு இமைகள் இல்லையாதலால் அது கண்ணை மூடித் தூங்க முடியாது. இருட்டியதும் இலைமீதோ தரையிலோ சாய்ந்து கிடக்கும், நிறமும் மங்கும். இதை அறியாமல் உயிருள்ள மீனைக் கொட்டிவிட்ட வீடுகள் எத்தனையோ!

கடைகளில் 'ஃபைட்டர்' என்று விற்கப்படும் இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. நெல்வயல்களும் சதுப்புகளும் இதன் வாழிடம். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்னும் அறிவியல் பெயரை 1910-ல் சூட்டியவர் சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய அறிஞர். ஆண் மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலமாக இருந்தது; 'சண்டை மீன்' என்னும் பெயர் அதனால் வந்தது. 2019-ல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இனி அந்த ஒரு வாய்க் காற்றுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது 36 மடங்கு! போதாக்குறைக்கு, நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. மேல்மட்டத்தில் கரையும் ஆக்சிஜன் அசையாத நீரில் அடிவரை எட்டுவதற்குள் அங்குள்ள உயிர்கள் மூச்சுத் திணறிப் போகும். வெயிலில் காயும் நெல்வயலின் நீர் அப்படிப்பட்டதுதான்.

நீரில் இல்லாததைக் காற்றிலிருந்து எடுக்கும் உறுப்பு இந்த மீனுக்கு இருக்கிறது. செவுளுக்கு மேலே, தலையின் இருபுறமும், மெல்லிய எலும்புத் தகடுகள் சுருண்டு மடிந்து ஓர் அறையில் அடங்கியுள்ளன. அவற்றின் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கிறது. வழி தெரியாத சந்துகள்போல் மடிப்புகள் உள்ளதால் இதை லாபிரிந்த் உறுப்பு என்பர். மடிப்பு எதற்கு? சிறிய இடத்தில் பெரிய பரப்பைப் பெறுவதற்கு. நம் நுரையீரலும் அதே தந்திரத்தைத்தான் கையாளுகிறது.

இந்த உறுப்பைப் பற்றி அறியாததால் நான் ஒரு மீனைக் கொன்றிருக்கிறேன். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது நடந்தது. வீட்டில் பூனைத் தொல்லை. ஆகவே இரவில் பாட்டிலை விளிம்புவரை நீரால் நிரப்பி மூடியை இறுகத் திருகிவைத்தேன். தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லதுதானே என்பது என் எண்ணம். காலையில் மீன் மூடிக்கு அடியில் மிதந்தது. மீன் நீரில் மூழ்கிச் செத்தது என்று சொன்னால் வகுப்பில் இன்றும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனவே பாத்திரத்தில் நீருக்கு மேல் நான்கு விரற்கடை இடம் விடுங்கள். இந்த மீன் நன்றாகத் துள்ளும். ஆகையால் மூடியும் வேண்டும், அதில் காற்றுத் துளைகளும் வேண்டும்.

காற்றை மூச்சிழுக்கும் மீன்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை இதன் உறவினன்தான். 1791-ல் தரங்கம்பாடியில் டென்மார்க் கம்பெனியைச் சேர்ந்த டால்டார்ஃப் என்னும் அதிகாரி, பனைமரத்தின் மீது ஏறிக்கொண்டிருந்த அம்மீனைத் தம் கையால் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-ல் அதை வெளியிட்டது. மரம் ஏறுவதைப் பின்வந்தவர்கள் பலர் ஐயுற்றாலும், அது ஈரத் தரையில் செவுள்மூடியின் முட்களை ஊன்றி நகர்வது உண்மையே. இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. நம் வயற்கால்வாய்களில் வாழும், விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சிறு மீனின் பெயர் சூடோஸ்ஃப்ரோமீனஸ் குப்பானஸ். 'குப்பானஸ்' எங்கிருந்து வந்தது தெரியுமா? புதுச்சேரி அருகே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து!

இரண்டு நாள் கழித்து அச்சிறுமி மறுபடியும் வந்தாள். "தண்ணி கெட்டுப்போச்சு சார், மேலே ஒரே நுரை" என்றாள். அது கெட்ட நீர் அன்று, கூடு! ஆண் மீன் காற்றை விழுங்கி, வாயிலுள்ள கோழை நீருடன் சேர்த்துச் சிறுசிறு குமிழிகளாக மேலே விடுகிறது. வெறும் நீரில் குமிழி உடனே உடைந்துவிடும். கோழை கலந்த குமிழியின் சுவர் உறுதியானது. பல மணி நேரம் நிற்கும். பெண் இடும் முட்டைகள் நீரைவிடக் கனமானவை, கீழே மூழ்கும். தந்தை மீன் அவற்றை வாயால் பொறுக்கி வந்து குமிழிகளுக்கு இடையே ஒட்டிவைக்கிறது. ஆக்சிஜன் மிகுந்த இடம் நீர்மட்டம்தான் என்பதை மேலே கண்டோம் அல்லவா? ஓரிரு நாளில் குஞ்சுகள் பொரிக்கும். தவறி விழுபவற்றைத் தந்தை மீண்டும் எடுத்து வைக்கும். தாய் மீன் அருகில் வந்தால் விரட்டும். பெண் மீன் இல்லாமலேயே ஆண் கூடு கட்டுவதும் இயல்பே.

சண்டைக்கு வருவோம். மற்றோர் ஆணைக் கண்டால் செவுள்மூடிகள் விரிந்து தாடிபோல் நிற்கும், துடுப்புகள் கொடியாக விரியும், நிறம் ஆழமாகும். இதற்கு எதிரி வேண்டுமென்பதில்லை, நிலைக்கண்ணாடி போதும். நெதர்லாந்தில் பிறந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற டின்பெர்கன், முள்முதுகு மீன்களை ஆராய்ந்தபோது, சன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனால்கூடத் தொட்டியிலிருந்த ஆண்கள் அதை எதிர்க்கப் பாய்வதைக் கண்டார். முழு உருவம் தேவையில்லை, ஓர் அடையாளம் போதும். எங்கள் சிறுமியின் மீன் இரவில் மட்டும் சுவரை முட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் இதுவே. தொட்டிக்குள் விளக்கு, அறையில் இருட்டு. இரவில் மின்சார ரயிலின் சன்னலில் உங்கள் முகமே தெரிவதில்லையா? மீனும் தன்னையே கண்டது. விளக்கை அணைத்ததும் சண்டை ஓய்ந்தது. ஒரு நிமிடம் கண்ணாடி காட்டி வேடிக்கை பார்ப்பதில் கெடுதி இல்லை. நாள் முழுவதும் காட்டினால் மீன் களைத்துப்போகும்.

'காற்றைச் சுவாசிக்கிறது, ஆகவே டம்ளரிலும் வாழும்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. மூச்சுக்குக் காற்று போதும். ஆனால் கழிவு எங்கே போகும்? மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. அதில் நச்சு மிகுந்த வடிவம், நீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் அது பெருகும். சில பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும்; அவை குடியேற மணலும் பரப்பும் சில வாரக் காலமும் வேண்டும். டம்ளரில் இவை ஏது?

வெப்பநிலையும் அப்படியே. இம்மீனுக்கு உகந்தது 25 முதல் 30 டிகிரி வரை. சென்னைக்கு இது வசதி. ஆனால் ஏற்ற இறக்கம் மெதுவாக இருக்க வேண்டும். 200 மில்லிலிட்டர் ஜாடியையும் 10 லிட்டர் தொட்டியையும் ஒப்பிடுங்கள். கொள்ளளவு 50 மடங்கு. வடிவம் ஒன்றானால் பரப்பு சுமார் 13.6 மடங்குதான். வெப்பம் நுழைவது பரப்பின் வழியாக. ஆதலால் பெரிய தொட்டி சூடாக ஏறத்தாழ 3.7 மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். மே மாத வெயில் சன்னலில் விழும்போது இந்த 3.7-தான் மீனின் உயிர்.

ஆகவே 10 லிட்டருக்குக் குறையாத, வாய் அகன்ற தொட்டி. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் மீன் அதிர்ச்சியடையும். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். உணவு வேளைக்கு இரண்டு மூன்று குருணைகள் போதும். கொசுப்புழு கிடைத்தால் விருந்துதான், அதற்காக யாரும் வீட்டில் கொசு வளர்க்க வேண்டாம்! செதில்கள் அன்னாசிப் பழம்போல் விறைத்து நின்றாலோ, உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினாலோ, துடுப்புகளைப் பகலிலும் ஒடுக்கியே வைத்திருந்தாலோ, அது தூக்கமன்று, நோய். சலித்துப்போனால் ஏரியில் விட்டுவிடாதீர்கள். அங்கே நம் குப்பானஸுக்கு அதன் இடம் வேண்டும்.

அச்சிறுமியின் மீன் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், பாட்டியின் நாற்காலிக்கு அருகே இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பத்துப் பத்து நிமிடம், அது எத்தனை முறை மேலே வந்து காற்றை விழுங்குகிறதென்று அவள் எண்ணி எழுதிவருகிறாள். பக்கத்தில் நீரின் வெப்பநிலையையும் குறிக்கிறாள். அவள் பள்ளியில் இருக்கும் நாட்களில் பிற்பகல் கணக்கு பாட்டியுடையது. மதிய எண்ணிக்கைதான் எப்போதும் கூடுதல். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று நீரைப் பற்றியது, மற்றது மீனின் உடலைப் பற்றியது. முதலாவதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.