சின்னது போகும், பெரியது சிக்கும்

வீட்டு வைஃபையில் மடிக்கணினியை இணைத்து, அலுவலக வி.பி.என்.னைத் திறக்கிறோம். 'இணைக்கப்பட்டது' என்கிறது திரை. அரட்டைச் செய்திகள் உடனுக்குடன் வருகின்றன, மின்னஞ்சல்களின் தலைப்புகள் தெரிகின்றன. ஒரு கோப்பைத் திறந்தால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வி.பி.என்.னை அணைத்தால் யூடியூப் தடங்கலின்றி ஓடுகிறது. அப்படியானால் இணைப்பு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது, ஆனால் சின்னவற்றுக்கு மட்டும். வைஃபைக் குறியில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தாலும் அது சொல்வது மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள சில மீட்டரின் நிலவரத்தைத்தான். சிக்கல் பெரும்பாலும் அதற்கு அப்பால் இருக்கிறது.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிந்தே போகும். ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட், ஈத்தர்நெட் வகுத்த கணக்கு. இந்த உச்சவரம்பை நெட்வொர்க் துறையினர் எம்.டி.யு. என்பார்கள். வி.பி.என்.னைச் சுரங்கம்போல் படம் போட்டுக் காட்டுவது வழக்கமென்றாலும் தனிப்பாதை எதுவும் கிடையாது. நம் பாக்கெட்டை மறையாக்கம் செய்து, புது முகவரி எழுதிய வேறொரு பாக்கெட்டுக்குள் வைத்து, எல்லாரும் போகும் அதே பாதையில்தான் அது அனுப்புகிறது. வி.பி.என். கோளாறுகளில் பாதியை இந்த ஒரு செயலை வைத்தே விளக்கிவிடலாம்.

வெளிப் பாக்கெட்டுக்கும் இடம் வேண்டுமே! 2020-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு என்ற வி.பி.என்.னை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.வி.4 வழியே போனால் அது 60 பைட் கூடுதலாகச் சேர்க்கும், ஐ.பி.வி.6 என்றால் 80. அதனால்தான் உள்ளே வைக்கும் பாக்கெட் 1420-ஐத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே வரம்பு வைத்துக்கொள்கிறது. 1420-உம் 80-உம் சேர்ந்து சரியாக 1500. ஆனால் வீட்டு இணைப்பு பி.பி.பி.ஓ.இ. முறையில் வருகிறதென்றால், அந்த முறை தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொண்டு 1492-ஐத்தான் விட்டுவைக்கும். ஐ.பி.வி.6 வழியே போனால் வெறும் 8 பைட் இடிக்கிறது. ரயில்வே பாலத்தின் உயரத் தடுப்பில் ஓர் அங்குலம் இடித்தாலும் லாரி நின்றுவிடும், பைக்குகள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கதைதான் இதுவும்.

இணைப்பு ஏற்படும்போது வயர்கார்டு பரிமாறிக்கொள்ளும் முதல் இரண்டு செய்திகள் 148 பைட், 92 பைட். அவை எந்த வரம்புக்கும் அடியில் நுழைந்துவிடும். கோப்பு வரத் தொடங்கும்போதுதான் பெரிய பாக்கெட்டுகள் புறப்படுகின்றன.

இதை இணையத்தை வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் இல்லை. ஒரு பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியிலுள்ள ரவுட்டர் அதைக் கைவிட்டு, 'இவ்வளவுதான் நுழையும், குறைத்து அனுப்பு' என்று ஐ.சி.எம்.பி. செய்தி அனுப்ப வேண்டும். ஜெஃப்ரி மோகலும் ஸ்டீவ் டீரிங்கும் 1990-இல் இந்த முறையை வகுத்துக் கொடுத்தார்கள். ஆனால் பாதுகாப்பு என்று சொல்லி ஐ.சி.எம்.பி.யை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவைக்கும் ஃபயர்வால்கள் இருக்கின்றன. பாக்கெட்டும் போய்ச் சேராது, சேரவில்லை என்ற தகவலும் திரும்பாது. அனுப்பிய கணினி அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் துறையில் இதற்குக் 'கருந்துளை' என்றே பெயர்.

சோதிப்பது எளிது. வி.பி.என்.னை அணைத்துவிட்டு, அதன் சர்வருக்குத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஐ.பி.வி.4-இல் 1472 பைட் 'பிங்' அனுப்புங்கள். தலைப்புப் பகுதிகளின் 28 பைட்டும் சேர்ந்தால் 1500. போகவில்லையென்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் பாதையின் உண்மையான வரம்பு தெரியும். வயர்கார்டு என்றால் அதில் 80-ஐக் கழித்து வி.பி.என். அமைப்பில் எம்.டி.யு.வாகப் போடலாம். கணக்குப் பார்க்க நேரமில்லாதவர்கள் 1280 போட்டுப் பார்க்கலாம். ஐ.பி.வி.6 எல்லாப் பாதைகளும் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது.

எல்லாம் நன்றாக ஓடி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் செத்திருக்கிறது என்பது வேறு நோய். வெளியே போன யூ.டி.பி. பாக்கெட் எந்தக் கணினியுடையது என்பதை வீட்டு ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துவைக்கும். சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் வரியை அழித்துவிடும். அதன்பின் அலுவலகத்திலிருந்து வரும் பாக்கெட்டை யாரிடம் கொடுப்பதென்று அதற்குத் தெரியாது. அட்டவணையில் அந்த வரி அழியாமலிருக்க, 25 விநாடிக்கு ஒருமுறை வெறும் பாக்கெட் ஒன்றை அனுப்பும் வசதி வயர்கார்டில் உண்டு. வைஃபை அட்டையின் மின்சேமிப்பையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

இணையம் ஓடுகிறது, அலுவலக சர்வர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஐ.பி. எண்களைப் பாருங்கள். தனியார் நெட்வொர்க்குகளுக்கென 1996-இல் உறுதிசெய்த எண்தொகுதிகளை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அதனால் 192.168.1 என்று தொடங்கும் எண்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும், அலுவலகத்திலும் இருக்கலாம். சர்வரின் எண் அந்த வரிசையில் இருந்தால் மடிக்கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும். வீட்டு ரவுட்டரின் ஐ.பி. எண்ணில் மூன்றாவது பகுதியை 73 என்றோ வேறு எதுவாகவோ மாற்றினால் தீர்ந்தது.

இணையவே இல்லையா? ரயில் நிலையத்திலோ ஹோட்டலிலோ இருந்தால், பிரவுசரில் ஓ.டி.பி. கொடுத்து உள்ளே நுழைந்த பிறகே வி.பி.என்.னைத் திறக்க வேண்டும். மடிக்கணினியின் தேதி, நேரம் தவறியிருந்தால் சான்றிதழ் சோதனையில் தோற்கும். சில பொது வைஃபைகள் வி.பி.என். பயன்படுத்தும் யூ.டி.பி. போர்ட்டுகளை அடைத்திருக்கும். ஐபிசெக் பெரும்பாலும் 500, 4500-ஐயும் ஓப்பன்வி.பி.என். 1194-ஐயும் பயன்படுத்தும். ஓப்பன்வி.பி.என்.னில் டி.சி.பி. 443-க்கு மாறித் தப்பிக்கலாம், ஆனால் வேகம் குறையலாம். உள்ளே ஒரு டி.சி.பி., வெளியே ஒரு டி.சி.பி. என்றாகிவிட்டால், வைஃபையில் ஒரு பாக்கெட் தொலையும்போது இரண்டும் தனித்தனியாக மறு அனுப்புதலில் இறங்கிவிடும்.

எதிலும் கை வைப்பதற்கு முன், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் மடிக்கணினியும் அலுவலக சர்வரும் பெரும்பாலும் நிரபராதிகள். ஐ.டி. பிரிவுக்கு எழுதும்போது 'வி.பி.என். வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். எது திறந்தது, எது திறக்கவில்லை, எவ்வளவு நேரத்தில் அறுந்தது, ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆனது என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். கோளாறு எங்கே என்பது அந்த நான்கு வரியிலேயே பாதி தெரிந்துவிடும்.