வலை வீசப் பழகுவோனுக்கு இலக்கு எது?

ஊர்காவற்றுறை, நயினாதீவு முதலிய தீவுகளை அடுத்த ஆழங்குறைந்த கடலில் வீச்சுவலை வீசப் பழகும் இளைஞன், முதல் நாளே மீன் பட வேண்டும் என எண்ணுவது இயல்பே. ஆனால் மீன் படாமைக்குக் காற்றும் நீரோட்டமும் காரணமாகலாம். கையின் பிழை எதுவென அவனுக்குப் புலப்படாது. மனம் சலித்து வலையையே கைவிடுவோரும் உண்டு. 'வலை வட்டமாக விரிய வேண்டும். ஈயக்குண்டுகள் ஒருங்கே நீரில் விழ வேண்டும்' என்பதே இலக்கானால், ஒவ்வொரு வீச்சும் ஒரு பாடமாகும்.

அமெரிக்க ஆய்வாளர் சிம்மர்மனும் கிட்சாந்தாசும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதற்குச் சான்றாகும். பலகையை நோக்கிச் சிற்றம்பு எறியப் பழகிய மாணவியருள், எறியும் முறையை முதலில் இலக்காகக் கொண்டு, அது கைவந்தபின் புள்ளிகளை நாடியோரே சிறந்தனர். தொடக்கத்திலேயே புள்ளிகளை நாடியோர் பின்தங்கினர். ஆகவே முதலில் கை படியட்டும். மீனைப் பின்னர் எண்ணலாம்.