பழைய லொறிக்கு கியர் ஸ்டார்ட்டர்

நமது வியாபாரிகளில் பலர் இன்றும் இருபது, முப்பது வருடப் பழைய லொறிகளை நம்பியே தொழில் செய்கின்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் வழி திறந்தபோது ரூபாவின் வீழ்ச்சியும் வரிகளும் சேர்ந்து விலையைச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டாமல் செய்துவிட்டன. எனவே இருக்கின்ற எல்ஃபையும் கென்டரையும் ஓடவைத்தே ஆக வேண்டியிருக்கிறது.

டயருக்கும் எஞ்சினுக்கும் தயங்காமல் செலவழிக்கும் முதலாளிமார், ஸ்டார்ட்டர் என்று வந்தால் மட்டும் "தள்ளினால் ஸ்டார்ட் ஆகும்தானே" என்பார்கள். புறக்கோட்டை நெரிசலில் சாமான் ஏற்றிய லொறியை யார் தள்ளுவது? அதற்குப் பயந்தே சாரதி எஞ்சினை நிறுத்த மாட்டார். ஏற்றி முடியும்வரை இரண்டு மணித்தியாலம் டீசல் சும்மா எரியும். அந்தக் காசை யாரும் ஸ்டார்ட்டரின் கணக்கில் எழுதுவதில்லை.

பழைய வகை ஸ்டார்ட்டரில் ஆர்மேச்சரே பினியனை நேரடியாகச் சுழற்றும். ஆகவே மோட்டர் பெரிது, பாரம் அதிகம், பற்றரியிலிருந்து இழுக்கும் மின்சாரமும் அதிகம். கியர் ஸ்டார்ட்டரிலோ சிறிய மோட்டர் மிக வேகமாகச் சுழலும். இடையிலுள்ள பற்சில்லுகள் அந்த வேகத்தை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, முறுக்கு விசையைக் கூட்டிக் கொடுக்கும். நுவரெலியாவில் விடியற்காலைக் குளிரில் மரக்கறி ஏற்றுபவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

எனது 24 வோல்ட் லொறியின் ஸ்டார்ட்டர் இரண்டு தடவை ரீவைண்ட் செய்யப்பட்டது. மூன்றாம் தடவை கராஜ் பாஸ், "நானா, இதுக்கு இனிக் காசு கொட்ட வாணாம், கியர் ஸ்டார்ட்டர் ஒண்டு போடுங்க" என்றார். ஆனால் கழற்றுவதற்கு முன் பற்றரி முனைகளையும், எஞ்சினிலிருந்து செசிக்குப் போகும் ஏர்த் வயரையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். நல்ல பாஸை இதில்தான் அடையாளம் காணலாம். 12 வோல்ட் லொறியொன்றில் ஸ்டார்ட் அடிக்கும்போது கேபிளில் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுமாயின், முதலில் மாற்ற வேண்டியது கேபிளைத்தான். எத்தனையோ நல்ல ஸ்டார்ட்டர்கள் துருப்பிடித்த ஏர்த் வயரின் குற்றத்துக்காகக் கழற்றப்படுகின்றன!

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டு போக வேண்டும். "ரெண்டும் ஒண்டுதான்" என்று கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம். வோல்ட், கிலோவோட், பினியனின் பற்களின் எண்ணிக்கை, சுழலும் திசை, போல்ட் துளைகள் எல்லாம் பொருந்த வேண்டும். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் ஸ்டார்ட்டரைப் பூட்டினால் எரிந்துபோகும். கடையிலேயே பற்றரி கொடுத்துச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஃபிளைவீலின் ரிங் கியர் பற்கள் தேய்ந்திருந்தால் புதிய பினியனும் சீக்கிரம் கெட்டுவிடும். அதை மாற்ற கியர் பெட்டியை இறக்க வேண்டும், செலவுதான். கிளச் வேலை வரும்போது சேர்த்துச் செய்தால் ஒரே கூலியோடு முடியும்.

மாற்றிய பின்னும் சாரதி ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் சாவியைப் பிடித்திருக்கக் கூடாது. சற்று ஆறவிட்டே மறுபடி அடிக்க வேண்டும். கழற்றிய பழையதைக் கடையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருப்பது செம்பு. அதன் பெறுமதியை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.