ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஜப்பானியப் பேயை வரையச் சொன்னால் புதிதாக வருகிற ஓவியர்கள் எடுத்த எடுப்பிலேயே பல்லையும் நகத்தையும் நீட்டிவிடுகிறார்கள். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். நான் அவர்களிடம் கேட்பது, முதலில் ஒரு சாதாரணப் பெண்ணை வரையுங்கள் என்பதுதான். கிமோனோவின் கழுத்துப்பட்டி பிடரியில் எவ்வளவு இறங்குகிறது, இடுப்புப்பட்டையின் முடிச்சு எங்கே உட்காருகிறது, மண்டியிடும்போது துணி எப்படி மடிகிறது என்பதெல்லாம் கைக்கு வரட்டும். அதன் பிறகு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். கழுத்து மட்டும் நீண்டால் அவள் ரொகுரொகுபி. கண், மூக்கு, வாய் எல்லாம் அழிந்து வெறும் தோலாகிவிட்டால் நொப்பெராபோ. பின்னந்தலையில், கூந்தலுக்கு நடுவே இன்னொரு வாய் திறந்தால் ஃபுதாகுச்சி ஒன்னா. மற்றதெல்லாம் அண்டை வீட்டுக்காரியாகவே இருக்க வேண்டும். பயம் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானியப் பேய்களில் பலவற்றுக்கு நிலையான வடிவம் தந்தவர் எடோ நகரத்து ஓவியர் தொரியாமா செக்கியென். அவருக்கு முன்பு பல சுருளோவியங்களில் பேய்கள் கூட்டமாக ஊர்வலம் போயின. 1776-இல் அச்சான தன் நூலில் செக்கியென் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், அதன்மேல் பெயர் என்று வகுத்தார். 1784-க்குள் மேலும் மூன்று நூல்கள் வந்தன. அழகிய பெண்களை வரைந்து புகழ்பெற்ற உதமாரோ இவருடைய மாணவர்தான்.

செக்கியெனின் படங்களில் என்னை விடாமல் பிடித்திருப்பது உபுமே. பிரசவத்தில் இறந்த பெண் அவள். மழையில், ஆற்றுநீரில், கைக்குழந்தையை அணைத்தபடி நிற்கிறாள். பயமுறுத்த எதுவும் செய்யவில்லை. பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது.

காலில்லாத பேயைப் பரவலாக்கியவர் என்று மருயாமா ஓக்யோவைச் (1733–1795) சொல்வார்கள். செடி, பூச்சி, மனிதர் என எதையும் நேரில் பார்த்து வரைவதில் பேரெடுத்தவர். அவருடையதாகக் கருதப்படும் பேய்ப் படத்தில் வெள்ளை உடுத்திய ஒரு பெண். முகம் அமைதியாக இருக்கிறது, கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. இடுப்புக்குக் கீழே மை மெல்ல மெல்லக் கரைந்து வெறும் பட்டாகிவிடுகிறது. அந்தக் கரைதலைத் தூரிகையில் கொண்டுவருவது கோரைப் பல் வரைவதைவிடப் பல மடங்கு கடினம்.

1830-களின் தொடக்கத்தில், எழுபதைத் தாண்டிய ஓவியர் ஹொகுசாய் பேய்க்கதைகளைக் கொண்டு ஓர் அச்சுப்பட வரிசை செய்தார். இன்று அதில் ஐந்து படங்களே கிடைக்கின்றன. ஒன்றில் ஓக்கிகு. எஜமானரின் பரம்பரைத் தட்டுகள் பத்தில் ஒன்று போனதற்காகக் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்ட பணிப்பெண். இரவில் கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று ஒன்பதுவரை எண்ணுவாள் என்பது கதை. ஹொகுசாய் அந்தத் தட்டுகளையே அவள் கழுத்தாக அடுக்கினார். கூந்தல் அவற்றைக் கோத்துக்கொண்டு கிணற்றிலிருந்து எழுகிறது, வாயிலிருந்து மூச்சு புகையாகப் போகிறது. அவளைக் கொன்ற காரணமே அவள் உடம்பாகிவிட்டது. ஒரு கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வரைகிறவர்கள் கவனிக்க ஒன்று. உயிருள்ளவர்கள் கிமோனோவின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் வருமாறு மடித்து உடுத்துவார்கள். பிணத்துக்கு இது தலைகீழ். இந்த மடிப்பு மாறிவிட்டால், உயிரோடிருக்கும் பாத்திரத்துக்கே சவ உடை போட்டுவிட்டதாக ஜப்பானிய வாசகர் எடுத்துக்கொள்வார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பேயோவிய மரபைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தவர் மிசுகி ஷிகெரு (1922–2015). இரண்டாம் உலகப் போரில், பசிபிக் தீவொன்றிலுள்ள ரபாவுலில் இடக்கையை இழந்தவர். மிச்சமிருந்த ஒற்றைக் கையால் கிதாரோ என்ற பேய்ச் சிறுவனின் கதைகளைப் பக்கம் பக்கமாக வரைந்தார். பாத்திரங்களுக்கு நாலே கோடு. பின்னணியில் மரப்பட்டை, கூரை, கல்லறை எல்லாம் புள்ளி புள்ளியாக அடர்ந்து கிடக்கும். இடம் நிஜமாக இருப்பதால் பேயும் நிஜமாகிவிடுகிறது. அவர் வளர்ந்த சக்காய்மினாதோவில் இன்று ஒரு தெரு முழுக்க அவருடைய பேய்கள் வெண்கலச் சிலைகளாக நிற்கின்றன.

ஆகஸ்டில் டோக்கியோ போகிறவர்கள் யானாகாவிலுள்ள ஜென்ஷோஆன் கோயிலுக்கு அவசியம் போக வேண்டும். பேய்க்கதை சொல்வதில் புகழ்பெற்ற சன்யூதெய் என்ச்சோ (1839–1900) சேர்த்த பேயோவியச் சுருள்களை ஆண்டுதோறும் அந்த மாதத்தில் அங்கே தொங்கவிடுவார்கள். முகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கும் கைகளைப் பாருங்கள். ஓவியரின் திறமை அங்கேயே தெரிந்துவிடும்.