ஜாதிக்காய்த் தீவில் ஒரு பகல்

நாட்டுக் கொடி என்றால் சிங்கம் இருக்கும், நட்சத்திரம் இருக்கும், சக்கரம் இருக்கும். ஜாதிக்காய் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கிரெனடாவின் கொடியில் இருக்கிறது. 1974-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, தங்களுக்குச் சோறு போட்ட காயை மறக்காமல் கொடியில் ஏற்றிவிட்டார்கள்.

கரீபியன் கடலின் தெற்கே இருக்கும் சின்னத் தீவு அது. நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோ பெண்ணோ, பார்க்க வந்த அப்பா அம்மாவை உல்லாசக் கப்பலில் ஏற்றிவிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. அப்படிப் போன சிலர் இந்தத் தீவில் ஒரு பகல் இறங்கி, பை நிறைய வாசனைச் சரக்கு வாங்கி வருகிறார்கள். பிறகு, "டாக்டர், இதை எப்படிச் சாப்பிடணும்?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ். கப்பல் நிற்கிற இடத்திலிருந்து சந்தை நடக்கிற தூரம்தான். ஆனால் ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். மூட்டுவலிக்காரர்கள் மேட்டில் ஏறி வீம்பு பண்ண வேண்டாம். 1890-களில் குன்றைக் குடைந்து போட்ட செண்டால் சுரங்கப்பாதை பழைய துறைமுகப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். வண்டிகளும் அதற்குள்ளேயே வரும், ஓரமாகப் போங்கள். கப்பல் ஆட்டத்தில் குமட்டினால் நம்ம இஞ்சி மொரப்பா ஒரு துண்டு போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தையில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் மாலையாகக் கோத்து விற்பார்கள். 'சாஃப்ரன்' என்று மஞ்சளாக ஒரு பொடி கொடுப்பார்கள். குங்குமப்பூ இவ்வளவு மலிவா என்று ஏமாந்துவிடாதீர்கள், அது நம்ம மஞ்சள்தான்! அந்த ஊரில் மஞ்சளுக்கு அப்படியொரு பெயர்.

நேரம் இருந்தால் மேற்குக் கரையில் குவாவ் என்ற மீன்பிடி ஊருக்குப் போய், ஜாதிக்காய் பதப்படுத்தும் நிலையத்தைப் பாருங்கள். பழம் வெடித்தால் உள்ளே கருப்பு ஓட்டின் மேல் ரத்தச் சிவப்பில் வலை மாதிரி போர்த்தியிருப்பது ஜாதிபத்திரி. ஓட்டுக்குள் இருப்பது ஜாதிக்காய். வெயிலில் போடாமல் தட்டுகளில் பரப்பி வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பிறகு தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மூழ்குவது முதல் தரம், மிதப்பது எண்ணெய்க்கு. பழச் சதையைக்கூட வீணாக்காமல் ஜாம் போடுகிறார்கள்.

இந்தச் செழிப்பு ஒரே நாளில் போனதுண்டு. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் பெரும்பாலான ஜாதிக்காய் மரங்களைச் சாய்த்துவிட்டது. அதற்கு முன்னால் உலகச் சந்தையில் இந்தோனேஷியாவுக்கு அடுத்த இடம் இவர்களுக்கு. கன்று நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆண் மரமா பெண் மரமா என்பதே பூ விட்ட பிறகுதான் தெரியும். பாதி விவசாயிகள் வேறு பயிருக்குப் போயிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் பெரில் புயல் வேறு தீவின் வடக்கை அடித்துப் போட்டது. ஆகவே அந்த மாலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். கப்பலில் போய் வந்த பெரியவர் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை. ஜாதிக்காய் தூக்கத்துக்கு நல்லது என்று எங்கோ கேட்டிருக்கிறார். "ஃப்ரெஷ் சரக்கு டாக்டர், கொஞ்சம் தாராளமாவே போட்டுட்டேன்" என்றார் பிறகு. ஒரு முழுக்காயைப் பொடித்துப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார்! மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் படபடப்பு, வாய் வறட்சி, சுவரில் யாரோ நடப்பது மாதிரி தோற்றம். நல்ல வேளையாக மகள் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கணக்கைப் பாருங்கள். வைத்தியத்தில் ஒரு குன்றிமணி எடை என்பது சுமார் 130 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு குன்றிமணி எடை போதும். ஒரு முழுக்காய் ஏறக்குறைய 5 கிராம். அதாவது முப்பத்தெட்டு குன்றிமணி! அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள் அந்த அளவில் மூளையைக் கலக்கிவிடும். வேலை செய்ய மூன்று முதல் எட்டு மணி நேரம்கூட ஆகும் என்பதால், 'ஒன்றும் தெரியலையே' என்று இரண்டாவது தரம் குடிக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஆகிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

கர்ப்பிணிகள் மருந்தாக எடுக்கவே கூடாது. பாயசத்தில் தூவும் ஒரு சிட்டிகை வேறு விஷயம். கைக்குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். 'நாங்கள் எல்லாம் குடித்து வளரலையா' என்று பாட்டிகள் என் மேல் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். உரசும் கல்லில் எத்தனை சுற்று என்று அளப்பது யார்?

வாங்கி வந்த காயை ஓட்டோடு கண்ணாடி புட்டியில் வையுங்கள், தேவைக்கு உடைத்துத் துருவிக்கொள்ளலாம். இங்கே கடையில் ஜாதிபத்திரி வாங்கினால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ராம்பத்திரியைக் கலந்து விற்பது உண்டு, அதில் மணமே இருக்காது. அந்த மாலையை அழகுக்கு மாட்டினால், பேரப்பிள்ளை கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.