கைப்பையின் பூட்டில் ஏறிய களிம்பு

கற்பிட்டியிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தோடு, பஞ்சில் பொதிந்த ஒரு சிறு உலோக வளையமும் எனக்கு வந்து சேர்ந்தது. கத்தாரில் தொழில் பார்க்கும் தமையனார் பெருவிலை கொடுத்து வாங்கி அனுப்பிய கைப்பையில், தோள்வாரைத் தாங்கி நின்ற வளையம் அது. பொன்னிறம் சற்றும் மங்காத அதன் மேனியில், ஊசிமுனை அளவில், ஏழெட்டுப் பச்சைப் புள்ளிகள் அரும்பியிருந்தன. “பொன் கறுக்காது, துருப்பிடிக்காது என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அப்படியானால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, ஐயா? அண்ணாவை ஏமாற்றிவிட்டார்களா?” என்பது அவருடைய கேள்வி.

ஏமாற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. உயர்ந்த விலைக் கைப்பைகளின் பூட்டும் வளையமும் சங்கிலியும் முழுப் பொன்னால் ஆனவை என்று எவரும் சொல்வதில்லை. பித்தளையிலோ, நாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்த்த வார்ப்புக் கலவையிலோ உருவைச் செய்து, அதன்மேல் முலாம் ஏற்றுவதே உலகெங்கும் வழக்கம். பாரிஸ் நகரத்து எர்மேஸ் நிறுவனத்தாரும் தம் பைகளின் உலோகப் பாகங்களைப் பொன்முலாம், பலேடிய முலாம் என்றே பெயரிட்டு விற்கிறார்கள். வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் மின்கலத்தை ஆக்கிய ஐந்தே வருஷங்களில், அதே இத்தாலியைச் சேர்ந்த புருக்னத்தெல்லி என்பவர் வெள்ளிப் பதக்கங்களின்மேல் மின்சாரத்தால் பொன்னைப் படியவைத்தார். பொன்னைச் சயனைட்டு உப்பாகக் கரைத்துப் பூசும் முறைக்கு 1840இல் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் உரிமை பெற்ற பின், பாதரசத்தில் பொன்னைக் குழைத்துப் பூசிச் சூடேற்றிய பழைய முறையும், அதன் நச்சுப் புகையால் கைவினைஞர் நோயுற்ற துயரமும் மெல்ல மெல்ல நீங்கின. கரைசலில் உள்ள உலோகத்தை மின்சாரத்தால் ஒரு பொருளின்மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கும் இந்த வித்தையே மின்முலாமிடல்.

அலங்காரத்துக்காகப் பூசும் பொன்னின் பருமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அத்தனை மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இல்லாமல் இருப்பது அரிது.

என் சிந்தையைப் பல நாட்கள் பிடித்து வைத்திருந்த விசித்திரம் அந்தத் துளையிலேதான் ஆரம்பிக்கிறது. பொன் பூசிய பித்தளை, பூசாத பித்தளையைக் காட்டிலும் சில சமயம் விரைவாகக் கெடும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனையுமானால், அவற்றுள் எளிதில் கரையும் சுபாவமுள்ளது தன்னை இழக்கும். மற்றது அந்த இழப்பினாலே காப்பாற்றப்படும். ஆங்கிலேயரின் கடற்படையார் இதை ஒரு கப்பலைப் பறிகொடுக்கும் நிலைக்கு வந்தே கற்றார்கள். ‘அலாம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு, கடற்புழு அரிக்காதிருக்க, 1761இல் செப்புத் தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தகட்டைப் பிடித்திருந்த இருப்பாணிகள் உளுத்துப் போயிருந்தன. ஆனால், எவரோ உறை நீக்க மறந்து, சுற்றியிருந்த தடித்த காகிதத்தோடு அடித்துவிட்ட சில ஆணிகள் மாத்திரம் சேதமின்றி இருந்தன. செம்புக்கும் இரும்புக்கும் இடையே காகிதம் நின்று, அவை தொடாதபடி தடுத்துவிட்டது.

செம்பின் பக்கத்தில் இரும்பு பட்ட பாட்டையே பொன்னின் கீழ்ப் பித்தளை படுகிறது. இங்கே துளையின் சிறுமையால் துன்பம் பெருகுகிறது. வளையத்தின் மேனி முழுவதும் பரந்த பொன் ஒரு பக்கம், ஊசித்துளையின் அடியில் தெரியும் அணுவளவு பித்தளை மறுபக்கம். அந்தப் பரப்பு முழுவதன் வேட்கையையும் அந்த ஒரு புள்ளியே தீர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் கற்பிட்டி மணலில், பத்துத் தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தை ஒரே கிணற்றிலே போட்டால் சுற்றிலும் உள்ள நல்ல தண்ணீரெல்லாம் இருக்க, அந்தக் கிணறு மாத்திரம் உவர் ஏறிக் கெட்டுப்போவதை நான் கண்டிருக்கிறேன். வளையத்திலும் அப்படித்தான்: பித்தளையிலிருந்து கரைந்த செம்பு துளை வழியே மேலேறி, கடற்காற்றின் உப்போடு கூடிப் பச்சையாய்ப் படிகிறது.

இதற்கு நேர்மாறான நீதியையும் எங்கள் மீனவர் அறிவார்கள். படகுக்குப் பூட்டும் வெளி இயந்திரத்தின் அடியிலே ஒரு சிறு நாகத் துண்டு பொருத்தியிருக்கும். கடல் நீர் அதைத் தின்ன, இயந்திரம் தப்பும். இரும்பின்மேல் நாகம் பூசுவதும் அப்படித்தான், பூச்சில் கீறல் விழுந்தாலும் நாகமே முதலில் அழிந்து இரும்பைக் காக்கும். நாகம் தன்னைக் கொடுத்து உள்ளேயிருப்பதைக் காக்கும் பூச்சு. பொன்னோ உள்ளேயிருப்பதைக் கொடுத்துத் தன் ஒளியைக் காத்துக்கொள்ளும் பூச்சு.

இந்தப் பச்சைக் களிம்பு செம்போடு கூடவே பிறந்தது என்று, உயிரோடு கூடப் பிறந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை கூறுவார்கள். இரசாயன சாஸ்திரமும் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் செப்புத் தாதுக்களில் சில பச்சையாகவே இருக்கின்றன, உருக்கிப் பிரித்த செம்பு தருணம் வாய்த்தபோது அந்த நிலைக்கே திரும்புகிறது.

எங்கள் கரையில் அந்தத் தருணம் நாள்தோறும் வாய்க்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டியவுடன் தானாகவே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். புத்தளத்து உப்பளங்களில் குவித்த உப்பைக் கிடுகால் மூடுவோருக்கு, குவியல் வியர்ப்பது புதிய செய்தியன்று. சோளகக் காற்று வீசும் நாட்களில் கைப்பையின்மேல் படியும் கண்காணாத உப்புத்தூளும் இரவில் அவ்வாறே வியர்த்து, வளையத்தின்மேல் ஒரு நீர்ப்படலமாகிறது. முலாத்தின் உறுதியை அறிய, 35 பாகை வெப்பமுள்ள பெட்டிக்குள் உப்பு கரைந்த நீரைப் புகையாகத் தூவிப் பார்க்கும் முறை 1939 முதல் அமெரிக்காவில் நியமமாக உள்ளது. எங்கள் வீடுகளின் அலுமாரிகளிலே அந்தப் பரிசோதனை வருஷம் முழுவதும் நடக்கிறது. பாரிஸிலோ தோகாவின் குளிரூட்டிய கடைகளிலோ அழகு குன்றாதிருந்த வளையம், இங்கே ஆறு மாதத்தில் பச்சை பூப்பதில் வியப்பென்ன?

என் பாட்டியார் வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், சாம்பல் மேற்பரப்பைத் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் பித்தளையின் ஓர் இழை போனாலும், அடியிலும் பித்தளையே இருந்தபடியால் விளக்குக்குக் குறைவில்லை. அது இன்றும் எங்கள் வீட்டில் எரிகிறது. அந்த நல்ல பழக்கத்தை முலாம் பூசிய பொருளிடம் காட்டுவதுதான் இன்று பல வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. புளியோ, பல் விளக்கும் பசையோ, பித்தளை துலக்கும் திரவமோ கொண்டு தேய்த்தால் களிம்போடு பொன்னும் போய்விடும். அதிலும் மனத்தை வருத்துவது, இந்தப் பளபளப்பை நாடி, துலக்கத் துலக்கத் தலைமுறைகள் கடந்து நிற்கும் விளக்குகளையும் செம்புகளையும் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறைக்குப் போட்டுவிடும் அவசரம்.

முழுப் பித்தளையை மதிக்கும் கைப்பைக்காரர் இல்லாமலில்லை. எங்களைப் போலவே உப்புக்காற்றில் வாழும் புதுச்சேரியில், 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தில், வார்ப்பூட்டுகளைத் திடப் பித்தளையில் மணல் அச்சிலே வார்த்துக் கையால் மெருகிடுகிறார்கள். அவை கறுக்கும், ஆனால் துடைத்தால் திரும்ப ஒளிரும். முலாம்தான் வேண்டும் என்பவர்கள், பொன்னுக்கும் பித்தளைக்கும் இடையே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இடையிலே ஒன்றுமில்லாவிட்டால் பொன்னும் பித்தளையின் செம்பும் நாளடைவில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நிறம் மங்கும். ஆகவே நிக்கலை இடையிட்டார்கள். நிக்கல் சிலருடைய தோலில் சொறியை உண்டாக்குவதால், இப்போது பலேடியமும் செம்பு, வெள்ளீயம், நாகம் மூன்றும் கலந்த வெண்ணிறக் கலவையும் அந்த ஸ்தானத்துக்கு வந்துள்ளன.

ஆசிரியைக்கு நான் எழுதிய மறுமொழி இது. கைப்பையைப் பொலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். வெளியே கொண்டுபோய் வந்த அன்று, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உலோகத்தை ஒற்றி உப்பை நீக்கி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். பச்சை ஏறிவிட்ட வளையத்தைக் கொழும்புச் செட்டியார் தெருப் பக்கம் முலாம் பூசுபவரிடம் கொடுக்கலாம். பழைய பூச்சை முழுவதும் நீக்கி, குழிகளை மெருகால் நிரவிய பின்பே புதியதை ஏற்றும்படி சொல்லுங்கள். குழியின்மேலே பூசினால் ஒரே மாரியில் பச்சை திரும்ப வரும். மற்ற வளையங்களைத் தோலிலிருந்து கழற்றாமல் அனுப்ப வேண்டாம், முலாத் தொட்டியின் நீர் தோலைத் தின்றுவிடும். அனுப்பிய வளையத்தை அதே பஞ்சில் பொதிந்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளைகளுக்குப் பொன்னைப் பற்றிப் படிப்பிக்கும் நாளில் அதையும் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.